387 குதிரைகள் போதாதா?

கேள்வி: என்னுடைய பி.எம்.டபிள்யூ எம்340ஐ காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினில் இன்னும் பவர் கூட்ட முடியுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: முடியும். உங்கள் காரில் இருப்பது 2,998 சிசி ‘பி58’ டர்போ இன்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போதே 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க். இதில் ஏர் ஃபில்டர், சைலன்சர் மாற்றினால் சத்தம்தான் அதிகமாகக் கூடும். உண்மையான பவர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவின் ரீமேப்பில் இருக்கிறது. அது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தையும், ஸ்பார்க் விழும் நேரத்தையும் மாற்றியமைக்கும்.

ஆனால், அழுத்தம் கூடினால் வெப்பமும் கூடும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டால் ‘நாக்கிங்’ வந்து பிஸ்டனையே பதம் பார்த்துவிடும். கியர்பாக்ஸுக்கும் சுமை அதிகம். வாரன்ட்டி போகும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.

எனவே, முதலில் ஸ்பார்க் ப்ளக், ஆயில், கூலன்ட் மூன்றையும் சரிபாருங்கள். பிறகு நல்ல டயர், பிரேக் பேடுக்குச் செலவழியுங்கள். பொதுச் சாலையில், ஏற்கெனவே இருக்கும் 387 குதிரைகளை அடக்கி ஓட்டுவதே பெரிய வேலை. ரீமேப் ஆசையை ரேஸ் டிராக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.