எழுதியது யார்? அனுப்பும் முன் ஒரு நிமிடம்!

வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளில் பாதிக்கு அப்துல் கலாம் பெயர், மீதிக்கு பாரதியார் பெயர்! உண்மையான ஆசிரியரைக் கண்டுபிடிக்கச் சில வழிகள்:

• நடுவில் உள்ள ஏழெட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள். முதல் வரியை ஆளாளுக்கு மாற்றியிருப்பார்கள். நடு வரி பெரும்பாலும் தப்பிவிடும்.

• காலத்தைப் பாருங்கள். பாரதியார் மறைந்தது 1921-ல். அவர் பெயரில் வரும் கவிதையில் தொலைக்காட்சி தலைகாட்டினால், அது அவருடையது அல்ல.

• நூலின் பெயரோ பாடல் எண்ணோ இல்லாவிட்டால் சற்றுச் சந்தேகப்படுங்கள். பழைய நூல்களை மதுரைத் திட்டம் (Project Madurai) இணையதளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகவே சரிபார்க்கலாம்.

• ஒரே பெயரில் பலர் உண்டு. சங்கப் பாடல்கள் பாடிய ஔவையார் வேறு. ஆத்திசூடி தந்த ஔவையார் வேறு.

• ஒருவருக்கே பல பெயர்களும் உண்டு. சுஜாதா என்பவர் எஸ். ரங்கராஜன், புதுமைப்பித்தன் என்பவர் சொ. விருத்தாசலம். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

• அனுப்பியவர் எழுதியவர் ஆகிவிட மாட்டார். "உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

• எவ்வளவு தேடியும் தெரியவில்லையா? பெரிய பெயர் எதையும் ஒட்டவைக்காமல், "எழுதியவர் தெரியவில்லை" என்றே போடுங்கள். நீங்களே எழுதியது என்றால், அடியில் பெயரும் தேதியும் போட மறக்காதீர்கள்.