மாற்கு திரும்பி வந்த வழி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கர்த்தர் மன்னிப்பார் என்பதில் உனக்குச் சந்தேகமில்லை. பாதியில் போட்டுவிட்டு வந்த ஊழியத்தை இனி எந்த முகத்தோடு தொடுவது என்றுதான் கேட்டிருக்கிறாய். திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததுமே நீ எழுந்து போய்விடுவதாக அம்மா சொன்னார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் பேதுருவைத்தான் காட்டுவார்கள். எனக்கு மாற்கு என்னும் யோவான்தான் ஞாபகத்துக்கு வருகிறான். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் புறப்பட்ட வாலிபன். சீப்புரு தீவில் அவர்களுக்கு ஒழுங்காக உதவி செய்தான். கடல் தாண்டிப் பம்பிலியா நாட்டுப் பெர்கேக்கு வந்ததும் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று லூக்கா எழுதவில்லை. (நம் சபையாராக இருந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள்.)

அடுத்த பயணத்துக்கு அவனையும் அழைத்துப்போக வேண்டும் என்றார் பர்னபா. பவுல் சம்மதிக்கவில்லை. பேச்சு முற்றி, சேர்ந்து உழைத்த இருவரும் பிரிந்தே போனார்கள். பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா வழியாகப் போனார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். அது பர்னபாவின் சொந்தத் தீவு என்பது தெரியும். மாற்கு கடைசியாக நல்லபடியாக வேலை செய்த இடமும் அதுதான் என்பதை யோசித்தாயா? ஓடிவந்த பெர்கேக்கு அவனை நேரே இழுத்துப்போய் நிறுத்தவில்லை.

பவுலைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதே. கர்த்தர் மன்னித்த அன்றைக்கே கூட வேலை செய்தவர்களும் பழையபடி நம்பிவிட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. அதற்கு வருஷங்கள் ஆகும், மாற்குவுக்கும் ஆயிற்று. ஆனால் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, ஊழியத்துக்கு உதவியானவன் என்று சொல்லி மாற்குவை அழைத்துவரச் சொன்னவர் அதே பவுல்.

பேதுருவோ அவனைத் தன் குமாரன் என்கிறார். பேதுரு சொல்லக் கேட்டே மாற்கு சுவிசேஷத்தை எழுதினான் என்பது ஆதிச்சபை முதல் வருகிற சாட்சி. மறுதலித்தவர் சொல்ல, ஓடிப்போனவன் எழுதினான். அதனால்தானோ என்னவோ, கல்லறையில் ஸ்திரீகளிடம் சொல்லப்பட்ட செய்தியில், சீஷர்களோடு பேதுருவின் பெயரையும் தனியாகச் சேர்த்துச் சொல்வது மாற்கு மட்டும்தான். மத்தேயுவில் சீஷர்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இது என் ஊகம், வேதபண்டிதர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உனக்குச் சீப்புரு எது? வடக்கே ஊழியத்துக்குப் போகுமுன் ஓய்வுநாள் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குக் கதை சொல்வாயே, அதுதான் என்று எனக்குப் படுகிறது. பிரசங்க பீடத்தைப் பற்றி இப்போது யாரும் உன்னிடம் பேசவில்லை, நீயும் பேசாதே. நம் சபை ஐயரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, அந்த வகுப்பில் உதவிக்கு இருக்கலாமா என்று கேள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

வடக்கே சொல்லாமல் விட்டு வந்தாயே, அந்தச் சகோதரருக்கும் ஒரு கடிதம் எழுது. காரணம் அடுக்காதே, மன்னிப்பு மட்டும் கேள். அவர் உடனே பதில் போடாவிட்டால் கோபப்படாதே.

வருகிற திருவிருந்துக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்.

அன்புடன்,
பெரியப்பா