தைப்பூசத்துக்குப் பழைய 28 மிமீ லென்ஸ் போதுமா?

கேள்வி: லோரோங் குலிட் பழஞ்சாமான் சந்தையில் சூப்பர் டாக்குமார் 28 மிமீ எஃப் 3.5 லென்ஸ் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினேன். அப்பாவின் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவில் பார்த்தால் காட்சி அகலமாகத் தெரிகிறது. அடாப்டர் போட்டு என் சோனி ஏ6000-இல் மாட்டினால் அந்த அகலமே இல்லை. லென்ஸில் கோளாறா? தைப்பூசத்துக்கு இதை நம்பி எடுத்துப் போகலாமா?
– வாசகர், பாகான் டாலாம்

பதில்: லென்ஸில் கோளாறு இல்லை, தம்பி. அது 36-க்கு 24 மிமீ பிலிம் சட்டத்துக்காகச் செய்யப்பட்டது. அந்தச் சட்டத்தில் மூலைக்கு மூலை சுமார் 75 பாகை தெரியும். உங்கள் சோனியின் சென்சார் சிறியது. நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரங்களை விட்டுவிடுகிறது. மிஞ்சுவது சுமார் 54 பாகை, அதாவது பிலிமில் 42 மிமீ லென்ஸ் காட்டுவது. சோனியில் அகலம் வேண்டுமானால் கேமராவோடு வந்த சிறிய ஜூம் லென்ஸே போதும். அதற்காக இன்னொரு பழைய லென்ஸ் தேடிக் காசைக் கரைக்காதீர்கள்.

அதனால் இந்த லென்ஸின் இடம் ஸ்பாட்மேட்டிக்தான் என்பேன். வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலிருந்து கிளம்பும் காலையில், கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் நெருக்கியடித்து நிற்கும்போது பின்னால் நகர இடமே இருக்காது. அங்கேதான் 28 மிமீ கைகொடுக்கும். கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தால் தேங்காய் உடைக்கும் கணம் போய்விடும். எஃப் 8 வைத்து, தூர வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்துங்கள். ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டாம். ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ் போதும். வெளிச்சம் சற்றுக் கூடினாலும் அது தாங்கிக்கொள்ளும். முன்கண்ணாடியில் ஒரு யூவி ஃபில்டர் அவசியம். தேங்காய்த் தண்ணீர் தெறிக்காமல் ரத ஊர்வலம் போவதில்லை!

சோனியில் இதே கணக்கை அப்படியே நம்பக்கூடாது. சிறிய சென்சாரின் படத்தைக் கூடுதலாகப் பெரிதாக்கித்தான் பார்க்கிறோம் என்பதால் லேசான மங்கலும் வெளியே தெரிந்துவிடும். லென்ஸில் பொறித்த ஆழக்குறிகளை அங்கே ஒரு ஸ்டாப் குறைத்தே படியுங்கள். எஃப் 8 வைத்தால் எஃப் 5.6-க்கான கோடுகளைப் பாருங்கள். மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதி கொடுத்தால்தான் படமே எடுக்க முடியும். லென்ஸ் பக்கவாட்டிலுள்ள ‘ஏ–எம்’ சுவிட்சை ‘எம்’ பக்கம் தள்ளுங்கள். ‘ஏ’-யில் இருந்தால், லென்ஸின் பின்புற ஊசியை அழுத்தாத அடாப்டரில் எண்ணைத் திருப்பினாலும் துளை திறந்தபடியே கிடக்கும். பலர் லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதைப் பார்த்துத்தான்.

இரவில் மின்விளக்கு ரதத்துக்குச் சோனியே மேல், ஐஎஸ்ஓவைத் தாராளமாக ஏற்றலாம். ஆனால் இந்த லென்ஸ் கண்ணாடியின் பழைய பூச்சு இன்றைய பூச்சு அளவுக்கு ஒளிச்சிதறலைத் தடுக்காது. விளக்கு நேராகக் கண்ணாடியில் விழாதபடி ஓரடி நகர்ந்து நில்லுங்கள்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை பூஞ்சைதான். கடலோரக் காற்றில் அலமாரியில் வைத்த லென்ஸ் பிழைப்பது கடினம். டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் தெரிந்தால் உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பூஞ்சை பூச்சை அரித்த பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறையில் வைக்கவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மானி போதும். மானி 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். தைப்பூசம் வரட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.