"பேட்டன்ட் வாங்கின கவர்" என்றால் என்ன அர்த்தம்?



இந்த மாதப் பாடம் ஒரு கவரைப் பற்றியது. நம் குழுக்களில் சத்துமாவு, மசாலாத் தூள், மல்லாட்டை உருண்டை, அப்பளம் செய்து விற்கிறவர்கள் பல பேர் இருக்கிறோம். அவர்களைத் தேடி கவர் வியாபாரிகள் வருகிறார்கள். "இது சாதாரண கவர் இல்லைங்கக்கா, பேட்டன்ட் வாங்கினது, மறுசுழற்சி ஆகும், கவர்மென்டே ஒத்துக்கிட்ட கவர்" என்று சொல்கிறார்கள். விலை கூடுதல். மொத்தமாக எடுத்தால்தான் தருவார்கள். ஒரு கவருக்கு 2 ரூபாய் அதிகம் என்று வைத்தால்கூட 10,000 கவருக்கு 20,000 ரூபாய் ஆகிறது. சுழல்நிதியிலிருந்து போகிற பணம் அது. வாங்கலாமா என்று ஊக்குநர்கள் சிலர் எங்களைக் கேட்டார்கள். அதற்கு "ஆமாம்", "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பேட்டன்ட் என்கிற காப்புரிமையை யார், எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கவருக்குள் எத்தனை அடுக்கு?

ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்துப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும், வெளிப்பக்கம் அச்சடித்த வழவழப்பு. பார்க்க ஒரே தாள் மாதிரி இருந்தாலும் இரண்டு மூன்று தாள்களை ஒட்டி வைத்ததுதான் அது. நம் செஞ்சிக் கோட்டையில் ஒரே மதிலா இருக்கிறது? வெளி மதில், அகழி, உள்ளே போகப் போக இன்னும் மதில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கவரும் அப்படித்தான். வெளி அடுக்கு பெரும்பாலும் பாலியஸ்டர். சூடு தாங்கும், அச்சு பிடிக்கும். நடு அடுக்கு அலுமினியமோ வேறு தடுப்புப் பொருளோ. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் தடுக்கும். காற்று போனால் மல்லாட்டையில் சிக்கு வாடை வந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா? உள் அடுக்கு பாலிஎத்திலீன். சீலிங் மெஷினில் சூடுபட்டதும் உருகி ஒட்டிக்கொள்வது இதுதான்.

இந்தச் சின்னப் பாக்கெட் வியாபாரம் நம்ம பக்கத்தில் வளர்ந்ததுதான். ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் போட்டு ஏழைகளுக்கும் எட்டுகிற விலையில் விற்கலாம் என்று வழிகாட்டியவர்களில் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஒரு முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூ கம்பெனியை ஆரம்பித்தார். அப்போது செஞ்சியும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். கூலி வேலைக்குப் போகிற பெண்ணும் ஷாம்பூ போட முடிந்ததே, அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பொட்டலத்தைக் காயலான் கடைக்காரர் அன்றும் வாங்கவில்லை, இன்றும் வாங்குவதில்லை.

ஏன் வாங்குவதில்லை? பச்சைப் பயறையும் ஊறாத கொண்டைக்கடலையையும் ஒன்றாகக் குக்கரில் போட்டால் என்ன ஆகும்? ஒன்று கூழாகிவிடும், ஒன்று கல்லு மாதிரி நிற்கும். பாலிஎத்திலீன் சுமார் 110 முதல் 130 டிகிரியில் உருகும். பாலியஸ்டருக்குச் சுமார் 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒட்டிவிட்டால் சேர்த்து உருக்கி நல்ல பொருள் எடுக்க முடியாது, பிரிக்கவும் சுலபத்தில் முடியாது. பால் பாக்கெட்டைக் காயலான் கடையில் வாங்குகிறார்களே, அதிலும் அடுக்குகள் உண்டு. ஆனால் எல்லா அடுக்கும் பாலிஎத்திலீன் குடும்பம்தான். இதைக் கவனியுங்கள். அடுக்கு இருப்பது குற்றம் இல்லை, சம்பந்தமில்லாத அடுக்குகளை ஒட்டுவதுதான் சிக்கல்.

அதனால்தான் உலகம் முழுவதும் கம்பெனிகள் 'ஒரே குடும்பக் கவர்' செய்யப் போட்டி போடுகின்றன. பாலிஎத்திலீனையே இழுத்து விறைப்பாக்கி வெளி அடுக்காக வைக்கிறார்கள். உள்ளேயும் பாலிஎத்திலீன். நடுவில் காற்றைத் தடுக்க ஈ.வி.ஓ.எச். என்கிற பொருளை மெல்லிசாக வைக்கிறார்கள். இந்தத் தடுப்பு 100 பங்கில் 5 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பாவில் கவர் செய்கிறவர்களுக்கான வழிகாட்டிகள் சொல்கின்றன. இந்த மாதிரிக் கவர்களுக்குத்தான் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார்கள்.

பரிசோதகர் எதைப் பார்க்கிறார்?

நம் தென் மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி வேலை நடக்கிறது. விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்து அது எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். விண்ணப்பித்தவர் தனியாகக் கேட்டுக்கொண்டால்தான் பரிசோதனை நடக்கும். பரிசோதகர் தன் ஆட்சேபணைகளை எழுதி அனுப்புவார். அதற்கு 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அவகாசம் கேட்டால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். கடைசியில் கன்ட்ரோலர் என்கிற அதிகாரி காப்புரிமை தருவார், அல்லது மறுப்பார். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் செல்லும். கட்டணம் கட்டிக்கொண்டே வர வேண்டும்.

பரிசோதகர் கேட்கிற கேள்வி முக்கியமாக மூன்று. இது புதுசா? விஷயம் தெரிந்த ஒருவர் சுலபமாக யோசித்திருக்கக் கூடியதா, அதைத் தாண்டியதா? தொழிலில் உபயோகப்படுமா?

ஒரு கற்பனை விண்ணப்பத்தை வைத்துப் பார்ப்போம். "100 பங்கில் 90 பங்கு பாலிஎத்திலீன், நடுவில் 5 பங்குக்குக் குறைவான ஈ.வி.ஓ.எச்., இரண்டையும் பிடிக்க ஒரு பசை அடுக்கு, மறுசுழற்சி ஆகும் கவர்" என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். பரிசோதகர் பழைய விண்ணப்பங்கள், புத்தகங்கள், சந்தையில் இருக்கிற பொருள்கள் எல்லாவற்றையும் தேடுவார். ஒரே பழைய ஆவணத்தில் இது அப்படியே இருந்தால் "புதுசு இல்லை". இரண்டு ஆவணங்களை ஒட்டிப் பார்த்தால் தெரிந்த ஆளுக்கு இது தானாகத் தோன்றியிருக்கும் என்றாலும் தள்ளிவிடுவார். தனியாவும் மிளகாயும் பருப்பும் சேர்த்தால் சாம்பார்ப் பொடி. ஒவ்வொன்றின் குணமும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். அப்படி வெறும் கலப்படச் சேர்க்கைக்குக் காப்புரிமை கிடையாது என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அப்போது விண்ணப்பித்தவர் என்ன காட்ட வேண்டும்? எதிர்பாராத ஒரு பலனைக் காட்ட வேண்டும்.

அந்தப் பலன் பெரும்பாலும் சீலிங்கில் இருக்கிறது. பழைய கவரில் வெளிப்பக்கம் பாலியஸ்டர் இருப்பதால் மெஷினின் சூடு அதை ஒன்றும் செய்யாது, உள் அடுக்கு மட்டும் உருகி ஒட்டும். ஒரே குடும்பக் கவரில் வெளியும் உள்ளும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இளகிவிடும். சூடு கொஞ்சம் கூடினால் கவர் சுருங்கி மெஷினில் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் சீல் பிரிந்துவிடும். உள் அடுக்கு மட்டும் குறைந்த சூட்டிலேயே ஒட்டும்படி ஒருவர் செய்து, எவ்வளவு டிகிரி, எவ்வளவு பலம் என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தால் பரிசோதகர் அதை மதிப்பார். "மறுசுழற்சி ஆகும்" என்று ஆசையை மட்டும் எழுதினால், எந்தச் சோதனையில், எந்த அளவில் என்று ஆட்சேபிப்பார்.

இங்கேதான் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பரிசோதகரிடம் உருக்கும் உலை கிடையாது. அவர் காகிதத்தைப் படித்துத்தான் முடிவு செய்கிறார். செஞ்சியில் யார் இந்தக் கவரைச் சேகரிப்பார்கள், எண்ணெய்ப் பிசுக்கை யார் கழுவுவார்கள், எந்த ஆலை வாங்கும் என்று கேட்பது அவர் வேலை இல்லை, சட்டமும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. ஆகவே காப்புரிமை என்பது "இதை முதலில் யோசித்தது இவர், 20 வருஷத்துக்கு இவர் அனுமதி இல்லாமல் மற்றவர் செய்யக் கூடாது" என்கிற உரிமை மட்டும்தான். நல்ல கவர் என்கிற சர்டிபிகேட் இல்லை. அரசாங்கம் ஒத்துக்கொண்டது அந்த யோசனை புதுசு என்பதை மட்டும்.

மறுசுழற்சி ஆகுமா என்று பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். பல் விளக்கும் பேஸ்ட் ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அலுமினியம் சேர்ந்த பல அடுக்குதான். கோல்கேட் கம்பெனி ஒரே குடும்ப பிளாஸ்டிக்கில் ட்யூப் செய்தபோது, அமெரிக்காவில் பிளாஸ்டிக் மறுசுழற்சி செய்கிறவர்களின் சங்கம் அதைச் சோதித்து 2019-ல் அங்கீகரித்தது. அந்தச் செய்முறையை மற்றக் கம்பெனிகளுக்கும் சொல்லிக் கொடுப்பதாகவும் கோல்கேட் அறிவித்தது. இது எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு கம்பெனி ட்யூப் மட்டும் மாறினால் காயலான் கடையில் அதைத் தனியாகப் பிரித்துக்கொண்டா இருப்பார்கள்?

நாமும் ஆட்சேபிக்கலாம்

நம்மில் பலருக்கும் தெரியாத விஷயம் இது. விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை கிடைக்கும் வரை, "இது புதுசு இல்லை" என்று யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணை தரலாம். சட்டத்தின் 25(1) பிரிவு "எந்த நபரும்" என்றே சொல்கிறது. மக்களிடம் வாய்வழியாக இருக்கிற அறிவையும் காரணமாகக் காட்டலாம். மஞ்சள் கதை ஞாபகம் இருக்கிறதா? காயத்தை ஆற்ற மஞ்சள் தூள் என்று 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும், 1953-ல் வந்த மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி வாதாடியது. 1997-ல் அது ரத்தானது. நம் பாட்டிகள் சொன்னால் மட்டும் அங்கே போதவில்லை, அச்சில் இருந்தது காப்பாற்றியது. சத்துமாவோ மூலிகைப் பொடியோ, உங்கள் குழுவின் பக்குவத்தைத் தேதி போட்டுத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகவும்தான். ஆனால் எழுதி வைத்தது நோட்டுக்குள்ளேயே இருந்தால் போதாது, இதுபோன்ற இதழில் வெளிவந்தால் பலம் அதிகம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2016-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி ஆகாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்தில் நிறுத்த வேண்டும் என்றன. இரண்டு வருஷம் முடிகிற சமயம், 2018 மார்ச்சில், அந்த வரி மாறியது. மறுசுழற்சி ஆகாவிட்டாலும் எரிசக்தி எடுக்க முடிந்தால், அல்லது மாற்று உபயோகம் இருந்தால் பரவாயில்லை என்று ஆனது. சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிக்கலாம், ரோட்டில் போடலாம். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் தார் ரோடு முறைக்கு 2006-ல் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனாலும் ரோட்டில் போன கவர் மறுபடி கவராக வராது.

2022 பிப்ரவரியில் வந்த திருத்தம் நமக்கு உபயோகமான ஒரு வேலை செய்தது. கவர்களை வகை பிரித்தது. முழுக்க பிளாஸ்டிக்கான நெகிழும் கவர், ஒரு அடுக்கோ பல அடுக்கோ, 2-ஆம் வகை. பிளாஸ்டிக்கோடு அலுமினியமோ காகிதமோ ஒட்டியது 3-ஆம் வகை. இந்த இரண்டு வகையிலும் 2027-28-க்குள் 60 சதவீதத்தை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு கம்பெனிகளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் எப்போதும் உள்ளதுதான். மறுநாள் காலையில் குனிந்து பொறுக்குகிற தூய்மைக் காவலரிலும் நம் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாக்கில் விழுகிற கவருக்கு விலை உண்டா இல்லையா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

வியாபாரி வந்தால்

காப்புரிமை எண் என்ன என்று முதலில் கேளுங்கள். "பேட்டன்ட் பெண்டிங்" என்றால் விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. எண்ணைக் கொடுத்தால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், காலேஜ் படிக்கிற உங்கள் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். இல்லாத காப்புரிமையை இருப்பதாகப் போட்டு விற்பது 120-ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரியது.

அடுத்து, கவர் 2-ஆம் வகையா 3-ஆம் வகையா, எந்தெந்த அடுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். முக்கோணத்துக்குள் 4 என்றால் பாலிஎத்திலீன், 7 என்றால் கலப்பு. முக்கோணம் இருப்பதாலேயே மறுசுழற்சி ஆகும் என்று அர்த்தமில்லை, எண்ணைப் பாருங்கள். உணவுப் பொருள் வைக்க ஏற்றது என்கிற சோதனை அறிக்கை இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

பிறகு மாதிரிக்குப் பத்து கவர் வாங்கி உங்கள் மெஷினிலேயே சீல் போடுங்கள். பொருளை நிரப்பி ஒரு மாதம் வைத்து வாடை பாருங்கள். பால் பாக்கெட் வாங்குகிற அதே காயலான் கடையில் காலிக் கவரைக் காட்டி, கிலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிற விலையையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். எல்லாக் குழுவும் கொண்டு வந்தால், எந்தக் கவருக்கு மொத்தமாகச் சேர்ந்து ஆர்டர் போடலாம் என்று அன்றைக்கே பேசிவிடலாம்.