பழைய ஸ்பீக்கர் வாங்க நினைக்கும் மருமகனுக்கு

மொனராகலை



பதுளை பஜாரில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் 1970களில் செய்த ஸ்பீக்கர் ஜோடியொன்று விலைக்கு வந்திருப்பதாகவும், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அதற்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. சங்கீதத்தில் உனக்கு இத்தனை பிரியம் உண்டானது எனக்குப் பரம சந்தோஷம். வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கம்பெனியின் பெயரை நம்பிப் பணத்தை எடுக்குமுன் கூம்பின் விளிம்பைப் பார்.

கடதாசிக் கூம்பு முன்னும் பின்னும் அசைய இடங்கொடுத்து, அதைச் சட்டத்தோடு பிணைத்து நிற்கும் வளையம், அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் பொலியூரித்தேன் ஸ்பொஞ்சினால் ஆனது; அந்த ஸ்பொஞ்சோ, ஒரு பாட்டுக்கூடப் போடாமல் மூடிவைத்திருந்தாலும், காற்றிலுள்ள ஈரத்தினாலும் பிராணவாயுவினாலும் பத்து இருபது வருஷத்தில் பிசுபிசுத்தோ பொடிந்தோ உதிர்ந்துபோகும் சுபாவமுடையதாகையால், துரை பங்களாவில் பாவிக்காமல் கிடந்த சாமான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் அது வளையத்துக்கு உத்தரவாதமாகாது. பதுளைப் பக்கத்துப் பனிமூட்டத்திலும், ஐப்பசி தொடங்கித் தை வரையில் ஊவாவில் பெய்யும் மழையிலும் அதன் ஆயுசு இன்னும் குறையும். ரப்பர் வளையமும், பசை பூசிய துணி வளையமும் நெடுங்காலம் நிற்கும். முன்துணியைக் கழற்றச் சொல்லி, வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பார். பிறகு கூம்பின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அமுக்கு. உரசும் சத்தம் கேட்டால் உள்ளே கம்பிச்சுருள் காந்தத்தில் இடிக்கிறது. அந்தப் பெட்டி உனக்கு வேண்டாம். பலகைப் பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் ஊதியிருக்கிறதா என்றும் திருப்பிப் பார்.

முதன்முறை வாங்குகிறவர்கள் கீச்சொலி தரும் சிறிய ட்வீட்டரை மறந்துவிடுகிறார்கள். அடியொலி தரும் பெரிய ஊஃபர் முழங்கும்போது ட்வீட்டர் ஊமையாய் இருப்பது எளிதில் புலப்படாது. ஒவ்வொரு பெட்டியிலும் காதை அதன் அருகில் கொண்டுபோய்க் கேள். உள்ளே வறண்டுபோன கபாசிட்டர்களை அதே அளவில் மாற்றுவது பெரிய காரியமன்று. அசல் ஊஃபரை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருந்தாலோ, அதற்கு ஜோடி தேடுவது மகா சிரமம்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் சிநேகிதன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போ. 8 ஓம் பெட்டி மீட்டரில் ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் பெட்டி ஏறக்குறைய 3 காட்டும். உன் அம்ப்ளிபயரின் பின்புறத்தில் 8 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருந்தால், 4 ஓம் ஜோடி எவ்வளவு அழகாயிருந்தாலும் அதை விட்டுவிடு. அம்ப்ளிபயர் சூடேறிக் கெட்டுப்போகும்.

எந்தப் பாட்டைப் போட்டுப் பரீட்சிப்பது என்று கேட்டிருந்தாய். பாட்டுக்கு முன் பேச்சைப் போடு. பி.பி.சி.யின் பொறியியலாளர்கள் 1970களில் வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்கென்று எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறிய பெட்டியை அமைத்தபோது, மனிதக் குரல் உள்ளபடி கேட்கவேண்டும் என்பதையே பிரதானமாகக் கொண்டார்கள். வாத்தியத்தின் தொனி சற்றுப் பிசகினாலும் மனசு ஏமாந்துவிடும். பழகிய குரலில் ஏமாறாது. தோட்டத்து லயத்தில் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான மயில்வாகனனாரையும் கே. எஸ். ராஜாவையும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். உனக்குப் பழக்கமான அறிவிப்பாளர் ஒருவரின் பதிவைப் போட்டுக் கேள். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் அடித்தொண்டை முழங்கினாலும், "ச", "ஸ" எழுத்துகள் காதைக் கீறினாலும், அந்தப் பெட்டி பாட்டையும் அப்படியேதான் கெடுக்கும்.

பசறையிலிருந்து பஸ் ஏறும்போது உன் அம்ப்ளிபயரையும் எடுத்துக்கொள். இரண்டு பெட்டிகளையும் அதில் இணைத்து, அரைமணி நேரமாவது கேட்க இடங்கொடுக்காத கடையில் வாங்காதே. ஸ்பொஞ்ச் வளையமாயிருந்து மற்றதெல்லாம் சரியாயிருந்தால், வளையம் மாற்றும் கூலியை முதலில் ரேடியோ திருத்துபவரிடம் விசாரித்து, அதை விலையில் கழித்துக்கொண்டு பேசு.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் மாமா