படிக்கும் பிள்ளையின் சம்பாத்தியம்: வண்டி யார் பெயரில், கணக்கு யார் கையில்?

கேள்வி: படப்பையில் வசிக்கிறோம். மூத்த மகனுக்கு வயது 19. பொறியியல் இரண்டாம் ஆண்டு. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் என் பெயரில் உள்ள பைக்கில் உணவு டெலிவரிக்குப் போகிறான். பிளஸ் டூ படிக்கும் இளையவன் (17) கல்யாண வீடியோ எடிட் செய்து காசு பார்க்கிறான். வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கொடுத்தால் மாதாமாதம் கமிஷன் தருவதாக இப்போது மூத்தவனிடம் ஒருவர் கேட்கிறாராம். இவற்றில் சட்டச் சிக்கல் எதில் வரும்? வருமான வரி கட்ட வேண்டுமா?
– வாசகர், படப்பை

பதில்: படித்துக்கொண்டே சம்பாதிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சிக்கல் எழுந்தால், பெரும்பாலும் செய்பவரின் வயதிலோ, ஓட்டும் வண்டியிலோ, பணம் வந்து விழும் கணக்கிலோதான் எழுகிறது.

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் (1986, திருத்தம் 2016) 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. வீட்டில் அமர்ந்து வீடியோ எடிட் செய்வது அதில் சேராது. ஆனால் 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம், 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11வது பிரிவின்படி அவரைக் கட்டுப்படுத்தாது. மொகோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903இல் இதை உறுதி செய்தது. அதற்காக, வேலையை முடித்துக் கொடுத்த சிறுவனின் கூலியை ஸ்டுடியோக்காரர் விழுங்கிவிட முடியாது. தன் பங்கை முழுமையாக நிறைவேற்றிவிட்ட இளவர், தனக்கு வர வேண்டியதைக் கேட்கலாம் என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1916இல் ஓர் அடமான வழக்கில் எடுத்தது. எனவே வேலைக்கான பேச்சு தந்தை அல்லது தாயின் பெயரில் நடப்பதும், தொகை, தேதி ஆகியவை வாட்ஸ்அப்பிலாவது பதிவாகி இருப்பதும் நல்லது. பாக்கித் தொகைக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு.

டெலிவரியில் கவலைப்பட வேண்டியது வண்டியின் காப்பீடு. சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனப் பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதையும் சரக்கு கொண்டு செல்வதையும் வழக்கமாக விலக்கி வைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(14) பிரிவு, சரக்கு ஏற்றப் பயன்படும் எந்த வண்டியையும் சரக்கு வாகனம் என்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால், சரக்கு வாகனம் உள்ளிட்ட போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்னும் 4(2) பிரிவும் குறுக்கே வரும். நடைமுறையில் ஊர் முழுக்க வெள்ளை நம்பர் பிளேட் பைக்கில்தான் சாப்பாடு போகிறது; யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கேள்வி எழுவது விபத்துக்குப் பிறகு. ஒரகடத்துக் கனரக லாரிகள் ஓடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அது தூரத்து அச்சம் அல்ல. அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டி வண்டியின் உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. வண்டி தந்தையின் பெயரில் இருந்தால் வசூல் அவரிடம்தான் வரும். டெலிவரி உபயோகத்துக்குக் கூடுதல் பிரீமியத்துடன் பாதுகாப்பு கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பது இதற்கான முதல் வேலை.

அண்ணனின் டெலிவரி செயலி ஐடியில் தம்பி ஓட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் விதிமீறி ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிறர் ஐடியில் ஓட்டும்போது அடிபட்டால் டெலிவரி நிறுவனத்தின் விபத்துக் காப்பீடும் கைகொடுக்காது. மூத்தவர் தன் சொந்த ஐடியில்தான் ஓட்டுகிறார் என்றால், இணையவழித் தொழிலாளர்களுக்கென 2023 டிசம்பரில் தமிழக அரசு அமைத்த நலவாரியத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.

வங்கிக் கணக்கைக் கேட்கும் விஷயம்தான் உண்மையில் முதல் இடத்தில் இருக்க வேண்டியது. கணக்கை வாடகைக்குக் கேட்பவருக்குத் தேவை, ஏமாற்றிப் பறித்த பணத்தை நிறுத்தி எடுக்க ஓர் இடம். எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவர் இழந்த தொகை மாணவரின் கணக்கில் விழும். சில நிமிடங்களில் ஏடிஎம் வழியாகவோ யுபிஐ வழியாகவோ வெளியேறும். பணம் இழந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்ததும் காவல் துறை தேடிச் செல்லும் முதல் பெயர், கணக்கு வைத்திருக்கும் மாணவருடையது. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிச் சென்றவரின் உண்மைப் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவு, திருட்டுச் சொத்து என்பதன் விளக்கத்தில் மோசடியால் கைமாறிய சொத்தையும் சேர்த்துவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தில் அது இல்லை. திருட்டுச் சொத்து என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கி வைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை தண்டனை. மோசடியில் கூட்டு என்று நிரூபணமானால் 318(4) பிரிவின்படி ஏழு ஆண்டு வரை போகும். கமிஷன் வாங்கியிருந்தால், ஒன்றும் தெரியாது என்ற வாதம் பலவீனப்படும். எந்த வேலையும் செய்யாமல் பணம் ஏன் வருகிறது என்று நீதிமன்றம் கேட்கும்.

குற்ற விசாரணையில் கணக்கை முடக்கும் அதிகாரம் காவல் துறைக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 106வது பிரிவில் உள்ளது. கல்வி உதவித்தொகை வந்திருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். கணக்கு முழுவதையும் காலவரையின்றி முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது. ஆனால் தெரிந்தே கணக்கைக் கொடுத்தவருக்கு அந்தத் தீர்ப்பு அதிகம் உதவாது. கொடுத்தாகிவிட்டது என்றால் உடனே வங்கிக்கு எழுதிக் கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். உரையாடல்களை அழிக்கக் கூடாது. போனில் மிரட்டுபவருக்குப் பணம் திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கறிஞருடன் தாமே காவல் நிலையம் செல்வது, சம்மன் வரும்வரை காத்திருப்பதைவிடப் பாதுகாப்பானது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உள்ளது.

ஆள் சேர்த்தால் வருமானம் என்னும் திட்டங்களும் கல்லூரிகளில் வலம் வருகின்றன. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், 1978 நடத்துபவரை மட்டுமன்றி, உறுப்பினராகச் சேர்பவரையும் தண்டனைக்குள் கொண்டுவருகிறது. விளம்பரம் பார்த்தால் பணம் என்ற கோவை மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது 2024இல் வழக்குப் பதிவானபோது, அதற்கு ஆதரவாக நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சட்டத்தின் பார்வையில் தாங்களும் கேள்விக்கு உள்ளாகலாம் என்று அங்கே எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ!

வருமான வரி குறித்து அச்சம் தேவையில்லை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. இளையவர் தன் திறமையால் ஈட்டுவது பெற்றோர் வருமானத்தில் சேராது. ஆனால் அந்தப் பணத்தை வைப்புத்தொகையாகப் போட்டு வரும் வட்டி, அவருக்கு 18 ஆகும்வரை பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும். டெலிவரி நிறுவனம் வரி பிடித்திருந்தால், வரி வரம்புக்குக் கீழே இருப்பவரும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அந்தத் தொகை திரும்பும். பான் எண் கொடுக்காதவரிடம் பிடித்தம் 20 சதவீதம் வரை போகும்.