சின்னக் குழி போதும்

நம்பிக்கை: "நாலடிக் குழி எந்த மூலைக்கு? ஒரே வருஷத்தில் நிரம்பிவிடும். பத்தடி தோண்டு."

கிராமத்தில் கழிப்பறை கட்டும்போது வீட்டுப் பெரியவர்களும் கொத்தனாரும் ஒருசேரச் சொல்வது இது. உண்மையில், மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். செங்கல் வரிசைகளில் விடும் ஓட்டைகள் வழியாகவும் பூசாத அடிமண் வழியாகவும் அது மண்ணில் ஊறிவிடும். ஒரு மீட்டர் அகலமும் ஏறத்தாழ அதே ஆழமும் கொண்ட குழி, ஐந்து பேர் உள்ள வீட்டுக்குச் சில ஆண்டுகள் தாராளமாக வரும். ஆழமாகத் தோண்டினால் கழிவு நிலத்தடி நீரை நெருங்கும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் மண்ணாவது வேண்டும். குடிநீர்க் கிணறு 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

நம்பிக்கை: அடியில் சிமென்ட் பூசினால் பாதுகாப்பு.

பூசினால் நீர் ஊறாது. குழி சீக்கிரம் நிரம்பும். கழிவை உறிஞ்சும் லாரி வராத ஊரில், அதை அள்ள ஒரு மனிதரை உள்ளே இறக்குகிறார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. இது நம் எல்லோருக்கும் வெட்கக்கேடு.

நம்பிக்கை: நிரம்பினால் வீட்டார் அதைத் தொட முடியுமா?

முடியும். இந்தத் தயக்கத்தின் வேர் சாதி. சுகாதாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு குழி தோண்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்த வேண்டும். முதல் குழி நிரம்பியதும், கழிப்பறைக் குழாய் இரு குழிகளுக்கும் பிரியும் பிரிப்புத் தொட்டியில் அதன் வாயை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிடலாம். மூடிய குழியை இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால், காப்பித்தூள் நிறத்தில் உதிரியான மண் இருக்கும். நாற்றம் இருக்காது. வயலுக்கு நல்ல எரு. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில், மத்திய குடிநீர், துப்புரவுத் துறையின் அன்றைய செயலர் பரமேஸ்வரன் ஐயர் அப்படியொரு குழியில் இறங்கி, எருவைத் தம் கையால் வெளியே எடுத்தார். அவர் செய்ததை ஒவ்வொரு வீட்டுக்காரரும் செய்யலாம்.

நம்பிக்கை: எங்கள் கிணற்று நீர் பளிங்குபோலத் தெளிவு, கிருமி ஏது?

கிருமி கண்ணுக்குத் தெரியாது. மலக்கலப்பைக் கண்டறியும் பரிசோதனைப் பாட்டிலில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வையுங்கள். கறுத்துப் போனால் மலக்கலப்பு இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பாட்டிலை ஊராட்சியில் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். அதுவரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கழிப்பறை கட்டுகிறீர்களா? கொத்தனார் மூடி போடும் முன் நீங்களே குனிந்து பாருங்கள்: அடியில் மண் தெரிகிறதா, சுவரில் ஓட்டை விட்டிருக்கிறாரா, இரண்டில் ஒரு குழியின் வாய் அடைபட்டிருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் மூடச் சொல்லுங்கள்.